கிரைண்டர் விலை விதி எங்கள் கடைக்கு மட்டும்தானா?

அனுப்புநர்:
வீட்டு உபயோகப் பொருள் கடை உரிமையாளர்,
திண்டுக்கல்.

பெறுநர்:
விற்பனைப் பிரிவுத் தலைமை மேலாளர்,
கிரைண்டர் கம்பெனி தலைமை அலுவலகம்.

பொருள்: குறைந்தபட்ச விளம்பர விலை விதியை ஆன்லைன் விற்பனையாளர்களிடம் அமல்படுத்தாதது, எங்கள் கிரெடிட் நோட்டை நிறுத்தி வைத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். பதினோரு வருஷமாக உங்கள் கிரைண்டரை வாங்கி விற்கிறேன். பணம் கட்டித்தான் சரக்கு எடுக்கிறேன். இன்று வரை என் செக் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. உங்களுக்கு நான் டீலராக இருக்கலாம், ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவன் என்ற முறையில் வாடிக்கையாளனும்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஆடித் தள்ளுபடிக்குக் கடை வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தேன். அதில் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டருக்கு 5,450 ரூபாய் என்று போட்டிருந்தேன். நீங்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச விளம்பர விலை, அதாவது விளம்பரத்தில் இதற்குக் கீழே காட்டக் கூடாது என்ற விலை, 5,600. உங்கள் ஏரியா ஆபீசர் வந்து போட்டோ எடுத்தார். அவர் நிற்கும்போதே ஏணி போட்டு ஃபிளெக்ஸை இறக்கிவிட்டேன். கையெழுத்துப் போட்ட விதியை மீறியது நான்தான், அதை மறுக்கவில்லை. அந்த 150 ரூபாய்க்காக அந்தக் காலாண்டின் ஸ்கீம் தொகை (டீலருக்குத் தரும் ஊக்கத்தொகை) 18,400 ரூபாயை என் கணக்கில் வரவு வைக்கும் கிரெடிட் நோட்டை நிறுத்தினீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அதே வாரம் ஓர் அம்மா மகனோடு கடைக்கு வந்தார். டிரம்மைக் கழற்றிப் பார்த்தார், உருளைக் கல்லைக் கையால் தடவினார், தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பில் போடப் போகும்போது மகன் போனை நீட்டி, “அண்ணே, இதே மாடல்தானே?” என்றான். ஓர் ஆன்லைன் தளத்தில் அதே மாடல், அதே நிறம், விலை 4,849. எனக்கு அடக்க விலையே 5,120. நான் என்ன சொல்ல முடியும்? அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டே போனார்.

அன்று இரவே அந்த விற்பனையாளரிடம் ஒன்று ஆர்டர் போட்டேன். நான்காம் நாள் பெட்டி வந்தது. வெளி அட்டையில், சரக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு (மொத்த விநியோகஸ்தருக்கு) போனது என்று காட்டும் கோடு ஸ்டிக்கர் இருக்கும் இடத்தை பிளேடு வைத்துச் சுரண்டியிருந்தார்கள். அட்டை அங்கே மட்டும் வெளுத்து நார் நாராக நின்றது. ஆனால் மெஷினின் அடித்தகட்டில் அடித்திருக்கும் சீரியல் நம்பரை மறந்துவிட்டார்கள். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண் 29-ல் தொடங்குகிறது, அதாவது கர்நாடகப் பதிவு. சரக்கு போலி இல்லை, உங்களுடையதேதான். அந்தச் சீரியல் நம்பர் எந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பில் ஆனது என்பது உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷத்தில் தெரியும். நம்பர், பில், போட்டோ எல்லாவற்றையும் இணைத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: வியாபாரப் போட்டியைக் கெடுக்கக் கூடாது என்கிற போட்டிச் சட்டம் இருப்பதால் ஆன்லைன் விலையில் கம்பெனி தலையிட முடியாதாம்.

எனக்குப் பொறுக்க முடியாதது இந்தப் பதில்தான். என் ஃபிளெக்ஸை இறக்கச் சொன்னபோது அந்தச் சட்டம் எங்கே போயிற்று? 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவை ஆடிட்டரை வைத்துப் படித்தேன். இந்த விலைக்குத்தான் மறுபடி விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தி, அதனால் போட்டி கணிசமாகப் பாதிக்கப்பட்டால் தவறு. குறைத்து விற்கலாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் அது அந்த வகையில் வராது. டீலர்கள் கூடுதல் தள்ளுபடி தரக் கூடாது என்று கட்டுப்படுத்தியதற்காக 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகிக்குப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்ததும், அந்தக் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனதும் நாடறிந்த செய்தி. பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் பயம் என் 18,400 ரூபாயை நிறுத்தும்போதும் வந்திருக்க வேண்டும்.

விலையைக் கட்டிப்போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நம் ஒப்பந்தப்படி பில்லை எந்த விலைக்கும் போடலாம், விளம்பரத்தில் மட்டும் 5,600-க்குக் கீழே காட்டக் கூடாது. கடையில் இது நடக்கும். தெரிந்தவர் வந்தால் பேசி நூறு, இருநூறு குறைப்போம். ஆன்லைனில் அப்படி இல்லை, போட்டிருக்கும் விலையே விளம்பரம். அங்கே விதி நிற்கவில்லையென்றால் இங்கே அந்த விதிக்கு அர்த்தமே இல்லை.

அந்தத் தளத்துக்கும் புகார் எழுதினேன். விலை விற்பனையாளர் முடிவு என்றார்கள். அசல் சரக்கை மலிவாக விற்கிறான் என்பதற்காக அவர்கள் யாரையும் நீக்க மாட்டார்கள், அதுவும் எனக்குப் புரிகிறது. ஆகவே பிடி உங்கள் கையில்தான் இருக்கிறது. எந்த டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து சரக்கு கசிகிறது என்று சீரியல் நம்பரை வைத்துக் கண்டுபிடியுங்கள். டார்கெட்டை முடிக்க வருஷக் கடைசியில் அளவுக்கு மீறி அவர்கள் தலையில் சரக்கை ஏற்றினால், அது பின்வாசல் வழியாக இப்படித்தான் வெளியேறும். யார் ஆன்லைனில் விற்கலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மீறுகிறவருக்கு, எனக்கு நிறுத்திய மாதிரியே ஸ்கீமை நிறுத்துங்கள்.

இந்த விதி வந்தபோது முதலில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். கல்லை ஓட்டிக் காட்டுகிற கடைக்கு நாலு காசு மிஞ்ச வேண்டும் என்று நீங்கள் சொன்னது நியாயம் என்று நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆன்லைனில் வாங்கியவர்களும் பெல்ட் அறுந்தால் உங்கள் போர்டைப் பார்த்து என் கடைக்குத்தான் வருகிறார்கள். இதுவரை யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

என் கிரெடிட் நோட்டை விடுவியுங்கள். அந்தச் சீரியல் நம்பர் யாருக்குப் போனது, அவர் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று 30 நாளில் எழுத்தில் பதில் தாருங்கள். முடியாது என்றால், விதி எல்லோருக்கும் ரத்து என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தீபாவளி சரக்கு ஆர்டரை அதைப் பார்த்த பிறகுதான் போடுவேன்.

சுரண்டிய அட்டைப்பெட்டியும் மெஷினும் வந்தது வந்தபடி கடையில் இருக்கின்றன. உங்கள் ஆள் யார் வந்தாலும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடை உரிமையாளர்

இணைப்பு: ஆன்லைன் பில் நகல், சீரியல் நம்பர் மற்றும் அட்டைப்பெட்டி போட்டோக்கள், தங்கள் பதில் கடிதத்தின் நகல்.