கம்பத்துக்கு மேலே போன பந்து

அன்பு மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல். "பையன்களை ஓடவிடு, விளக்கம் சொல்லி நேரத்தைக் கெடுக்காதே" என்று தலைமைப் பயிற்சியாளர் உன்னைக் கடிந்துகொண்டதாக ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். அப்போது எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை வரவில்லை. பேச்சில் நான் எப்போதும் தாமதம்தான், அதனால் எழுதுகிறேன்.

ஜிம்மி ஹோகன் என்று ஒரு கால்பந்துப் பயிற்சியாளர். 1882இல் இங்கிலாந்தின் லங்காஷயரில், நெல்சன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு மகனைப் பாதிரியாராக்க ஆசை. மகனுக்கோ பந்துதான் எல்லாம். பர்ன்லி அணியில் ஆடியபோது ஒருநாள் தனியாகப் பந்தைக் கொண்டுபோய் அடித்தார். கோல் கம்பத்துக்கு மேலே போய்விட்டது. மேலாளர் ஸ்பென் விட்டேக்கரிடம் போய், காலை வைத்தது தப்பா, உடம்பு நிலைகொள்ளவில்லையா என்று கேட்டார். அடித்துக்கொண்டே இரு, பத்தில் ஒன்று உள்ளே போனால் போதும் என்று பதில் வந்தது.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எட்டாம் வகுப்பில் நீ என்னிடம் இதையேதான் கேட்டாய். வாயிலிருந்து விசிலைக்கூட எடுக்காமல், மறுபடி அடி என்று கையைக் காட்டினேன். உடற்கல்வி ஆசிரியர் என்று சம்பளம் வாங்கியவனுக்கு விடை தெரியாது, அவ்வளவுதான். ஊன்றிய கால் பந்துக்குப் பின்னால் தங்கிவிட்டால் உடம்பு சாயும், பந்து மேலே ஏறும் என்று பல வருடம் கழித்து நீதான் எனக்குச் சொன்னாய்.

ஹோகன் விடையைத் தானே தேடினார். போல்டன் அணியோடு ஹாலந்து போய் டோர்ட்ரெக்ட் அணியைப் பத்து கோலில் வென்றபோது, திரும்பி வந்து இவர்களுக்குக் கற்றுக்கொடுப்பேன் என்றார்; 1910இல் போகவும் செய்தார். பிறகு ஆஸ்திரியாவின் வியன்னாவில் பயிற்சியாளர் வேலை. 1914இல் போர் மூண்டதும் எதிரி நாட்டான் என்று அங்கே கைதானார். ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டின் எம்டிகே கிளப் அவரை வரவழைத்துக்கொண்டது. குண்டு வெடித்துக்கொண்டிருந்த அந்த வருடங்களில் அவர் பையன்களுக்குப் பந்தைக் காலில் அடக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

போர் முடிந்து ஊர் திரும்பியபோது கையில் காசில்லை. போரால் நொடித்த ஆட்டக்காரர்களுக்கு 200 பவுண்டு உதவி உண்டு என்று கேள்விப்பட்டு, கடன் வாங்கி லண்டன் போனார். கால்பந்துச் சங்கச் செயலாளர் அலமாரியைத் திறந்து காக்கிக் காலுறைகளை எடுத்து நீட்டினாராம், போர்முனைப் பையன்கள் இதற்கே மகிழ்ந்தார்கள் என்று. எதிரி ஊரில் உட்கார்ந்திருந்தவனுக்கு இது போதும் என்று அதற்கு அர்த்தம்.

பிறகு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒரு கூட்டத்தில் அவருடைய ஜெர்மன் தடுமாறியது, ஜனங்கள் சிரித்தார்கள். இடைவேளை விட்டு உள்ளே போனவர் ஆட்டச் சீருடையில் வந்தார். பூட்ஸையும் காலுறையையும் கழற்றிவிட்டு, வெறுங்காலால் வலது காலில் ஓர் உதை, திரும்பி வந்த பந்துக்கு இடது காலில் இன்னோர் உதை. தூரத்திலிருந்த பலகை இரண்டாகப் பிளந்தது. உனக்கும் நீ இருக்கும் ஊரின் மொழி வராது என்பதால் இதைச் சொல்கிறேன். உடைக்கப் பலகை தேடாதே!

1934இல் லண்டனின் ஃபுல்ஹாம் அணியிலும் அவர் விளக்கங்கள் மூத்த ஆட்டக்காரர்களுக்குக் கசந்தன. ஒரு சீசன்கூட முடியவில்லை. குடல்வால் அறுவைக்காக மருத்துவமனையில் கிடந்தபோதே வேலை போயிற்று. பிறகு ஆஸ்டன் வில்லாவை 1938இல் இங்கிலாந்தின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்.

1953 நவம்பரில் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று புரட்டிப்போட்டது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஜிம்மி ஹோகன் கற்றுக்கொடுத்தது என்றார் ஹங்கேரிச் சங்கத் தலைவர். அன்று ஹோகனுக்கு 71 வயது. வில்லாவின் சின்னப் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து பார்வையாளர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த பையன்களுக்கு என்னென்ன விளக்கிக்கொண்டிருந்தாரோ!

அம்மா முறுக்கும் பருப்புப் பொடியும் அனுப்புகிறாள். குளிருக்கு இரண்டு ஜோடி காலுறையும் வைக்கச் சொன்னேன், காக்கி மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கிறாள். போன் செய்யும்போது நீயே விளக்கிவிடு.

அன்புடன்,
அப்பா