டுனிகாமைசின் தரும் விடையை அப்படியே ஏற்காதீர்கள்: நோயெதிர்ப்பு ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

புரத மடிப்பு நெருக்கடி (செல்லில் சரியாக மடியாத புரதங்கள் தேங்கும் நிலை) வந்தால், செல்லின் மேற்பரப்பில் பெப்டைடு என்னும் புரதத் துண்டுகளை நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் எம்.எச்.சி. முதல் வகுப்பு மூலக்கூறுகள் குறையும் என்று காட்ட, அந்த நெருக்கடியை உண்டாக்கும் டுனிகாமைசின் மருந்தைச் சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் அளப்பது வழக்கமாகிவிட்டது. குறைவு தெரியத்தான் செய்யும். குறைத்தது நெருக்கடியா, மருந்தா?

எச்.எல்.ஏ. (மனித எம்.எச்.சி.) மூலக்கூறின் கனச் சங்கிலியில் 86-ஆம் இடத்து அஸ்பராஜினில் ஒரு சர்க்கரைக் கிளை உண்டு. கால்நெக்சினும் கால்ரெட்டிகுலினும் அதைப் பற்றிக்கொண்டுதான் மடிப்புக்கு உதவுகின்றன. டுனிகாமைசின் அந்தக் கிளையை ஒட்டவே விடாது. இதே நெருக்கடிக்குப் பயன்படும் டி.டி.டி. (டைதியோத்ரைட்டால்) சங்கிலியின் டைசல்ஃபைடு பிணைப்புகளையே குலைக்கும். தாப்சிகார்ஜின் என்ற இன்னொரு மருந்து, இந்தப் புரதங்கள் மடியும் இடமான எண்டோபிளாச வலையின் கால்சியத்தை வடித்துவிடும். கால்ரெட்டிகுலினுக்குக் கால்சியம் வேண்டும். மூன்றுமே நீங்கள் அளக்கும் பொருளின் மேலேயே கை வைப்பவை.

ஆகவே மருந்தில்லாத நெருக்கடி ஒன்றும் தேவை. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தின் சரியாக மடியாத 'நல் ஹாங்காங்' வடிவத்தைச் செல்லில் உருவாக்குங்கள். இயல்பு வடிவம் ஒப்பீட்டுக்கு. இதற்கு எச்.எஃப்.இ. புரதத்தின் சி282ஒய் என்ற திரிபு பலருக்குப் பிடித்தது. ஆனால் அதன் இயல்பு வடிவம் எம்.எச்.சி.யின் துணைச் சங்கிலியான பீட்டா-2 மைக்ரோகுளோபுலினைத் தானே எடுத்துக்கொள்வதால் ஒப்பீடு குழம்பும்.

நெருக்கடி வந்ததா என்பதற்கு, நெருக்கடியின்போது வெட்டப்படும் எக்ஸ்.பி.பி.1 மரபணுவின் ஆர்.என்.ஏ.வில் 26 நியூக்ளியோடைடு வெட்டப்படுவதைப் பி.சி.ஆரில் பாருங்கள். மேலே மூன்றாவது பட்டை வந்தால் பதற வேண்டாம். வெட்டிய இழையும் வெட்டாத இழையும் இணைந்த கலப்பு அது.

மேற்பரப்பு எம்.எச்.சி. குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் பெப்டைடு வரத்தில் இருக்கும். நெருக்கடியை உணரும் பெர்க் நொதி, புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஈ.ஐ.எஃப்.2 ஆல்ஃபாவின் 51-ஆம் செரினில் பாஸ்பேட்டை ஏற்றினால் புரத உற்பத்தி தளரும். புதுப் புரதங்களிலிருந்து வரும் பெப்டைடுகளும் குறையும். பெப்டைடு கிடைக்காத எம்.எச்.சி. பெரும்பாலும் வலையைத் தாண்டாது. அந்தத் தளர்வை நீக்கும் இஸ்ரிப் மருந்தைச் சேர்த்ததும் மேற்பரப்பு அளவு மீண்டால் இந்த வழியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் கனச் சங்கிலியின் மொத்த அளவை வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்தாக வேண்டும், ஏனெனில் உற்பத்தி தளர்ந்தால் அதுவும் குறையும்.

ஏற்கெனவே மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் பல மணி நேரம் நிற்கும். அதனால் குறுகிய சோதனையில் மாற்றம் தெரியாது. பி.எச். 3 சிட்ரேட்-பாஸ்பேட் கரைசலில் ஏறத்தாழ 2 நிமிடம் வைத்துப் பழையதைக் குலைத்து, உடனே நடுநிலையாக்கி, புதிதாக வருவதை மணிக்கு ஒருமுறை அளவிடுங்கள். டபிள்யூ6/32 எதிர்ப்பொருள் முழுமையாகச் சேர்ந்த வடிவத்தையே காணும். தனிச் சங்கிலிக்கு எச்.சி.10 எதிர்ப்பொருள் வேண்டும். இறந்த செல்களைச் சாயமிட்டு விலக்குங்கள்.

சங்கிலி வலையிலேயே சிக்கியதா என்றறிய, வலையைத் தாண்டி முதிராத சர்க்கரைக் கிளையை வெட்டும் எண்டோ எச் நொதி உதவும். டுனிகாமைசின் இட்ட மாதிரியில் அதை ஓட்டுவது வீண்: வெட்டுவதற்குச் சர்க்கரையே இருக்காது.