டயர் நோட்டு

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் டயர் என்று ஆரம்பித்த உடனே உனக்கு ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாக உட்கார்ந்து படி.

அமெரிக்காவில் நீ வாங்கிய வீட்டு வண்டியின் படங்களை அப்பாவுக்குக் காட்டினேன். "லாரி மேல வீட்டைத் தூக்கி வச்சிருக்கான்" என்று சிரித்தார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உள்ளே இருந்த அடுப்பையும் கட்டிலையும் அவர் பார்க்கவே இல்லை. டயரைத்தான் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன்.

விற்றவர், பட்டன், அதாவது ரோட்டில் படும் வரிக்கட்டு, முக்கால்வாசி இருக்கிறது, இன்னும் நாலு வருஷம் தாராளமாக ஓட்டலாம் என்றாராம். பட்டன் இருப்பது உண்மைதான். ஆனால் பக்கச் சுவரில் ஒரு சின்ன கட்டத்துக்குள் 3814 என்று இருக்கிறதே, அதைப் பார்த்தாயா? 2014-ஆம் வருஷம் 38-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். உன் கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த டயர் அது. ரிம்முக்குப் பக்கத்தில் முடி மாதிரி விரிசல்களும் தெரிகின்றன. ஆகவே மாற்றலாமா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. எதை வாங்குவது என்பதுதான் பேச்சு.

நீ மூன்று விலை எழுதியிருந்தாய். ஆறு டயருக்கு 720 டாலர், 1,080 டாலர், 1,500 டாலர். உனக்கு 720-ன் மேல் கண், மருமகளுக்கு 1,500-ன் மேல். தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டீர்கள். சரி, சொல்கிறேன்.

பரணிலிருந்து டயர் நோட்டை எடுத்தேன். அப்பா லாரி ஓட்டிய இருபது வருஷமும் நான் எழுதிய நோட்டு அது. எந்தத் தேதியில் எந்த டயர் ஏறியது, முன்னாலா பின்னாலா, பின் ஜோடியில் உள்ளா வெளியா, எத்தனை கிலோமீட்டரில் இறங்கியது, தேய்ந்ததற்குப் புதுப் பட்டன் ஒட்டும் ரீபட்டன் எத்தனை தடவை அடித்தோம், கடைசியில் பழைய டயர் வாங்குகிறவர் என்ன கொடுத்தார் என்று எல்லாம் இருக்கிறது. விலையோடு ரீபட்டன் கூலியைக் கூட்டி, விற்ற காசைக் கழித்து, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று வரும். அந்தக் கணக்கில் விலை கூடின டயர்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கியது இருபதாயிரம் கிலோமீட்டர் கூட ஓடி, அந்த ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

உன் வண்டியையும் அதே கணக்கில் போட்டுப் பார்த்தேன். சரியாக வரவில்லை. நீ வருஷத்துக்கு 5,000 மைல் ஓட்டுவேன் என்கிறாய். நம் கிலோமீட்டரில் 8,000. அதை அப்பாவின் லாரி ஒரு மாதத்தில் ஓடிவிடும். ஆறு வருஷம் ஓட்டினாலும் உனக்கு 30,000 மைல்தான் ஆகும். அதற்குள் உன் டயர் தேயாது, ஆனால் கிழமாகிவிடும். லாரிக்குக் கிலோமீட்டர் கணக்கு, உன் வண்டிக்கு வருஷக் கணக்கு. இது புரிந்ததும் எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு. இருபது வருஷம் எழுதிய நோட்டு உனக்கு உதவவில்லையே!

வருஷக் கணக்கில் பார். ஆறு வருஷம் என்று வைத்தால் மலிவு டயர் வருஷத்துக்கு 120 டாலர், நடு டயர் 180, உயர்ந்தது 250. மலிவுக்கும் நடுவுக்கும் இடையில் வருஷத்துக்கு 60 டாலர், அதாவது மாசம் அஞ்சு டாலர். நீ குடிக்கிற காப்பி ஒன்றின் விலை. அதை மிச்சம் பிடிக்கவா இத்தனை யோசனை?

மருமகளுக்குச் சொல்: பின்னால் பிள்ளை இருக்கிறாள், விலை பார்க்கக் கூடாது என்று அவள் சொல்வது நியாயம். ஆனால் 1,500 டாலர் டயரில் அவள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி நீண்டநாள் தேயாத பட்டனுக்குப் போகிறது. பாதிப் பட்டனோடு அதைக் கழற்றி எறியப் போகிறீர்கள். அந்த 420 டாலரில் ஆறு சக்கரத்துக்கும் காற்றழுத்தம் காட்டும் கருவி, உலோக வால்வு, வண்டியை எடை போடும் கூலி எல்லாம் அடங்கிவிடும். பிள்ளைக்குப் பாதுகாப்பு அதில்தான் அதிகம். இன்னொன்று: வண்டி ஓடும்போது அவளைக் கட்டிலில் படுக்க விடாதீர்கள். பெல்ட் போட்டு உட்கார வையுங்கள்.

ஆக, நடு விலை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை.

முதலில் தேதி. கடைக்காரர் டயரை மாட்டுவதற்கு முன்னால் நாலு எண்ணையும் நீயே படி. ஆறு மாசத்துக்கு மேல் பழையது என்றால் வேறு கொண்டுவரச் சொல். போன வருஷத்து நல்ல டயரைவிடப் போன மாசத்து சுமார் டயர் உனக்கு லாபம். நீ வாங்குவது வயதைத்தானே? முழு எண்ணும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். பின் ஜோடியில் அது உள்ளே மறைந்துவிட்டால் அப்புறம் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துத் தேட வேண்டும். மாட்டும் முன்பே படம் எடுத்துக்கொள்.

அப்புறம் தாங்கும் எடை. உன் டயரில் LT225/75R16 என்று இருப்பதை அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார். சிறு லாரி என்று சொல்லும் அந்த எல்.டி. எழுத்தும் ஈ என்ற லோடு அளவும் புது டயரிலும் இருக்க வேண்டும். எஸ்.டி. என்று போட்டு மலிவாக வருவது இழுத்துக்கொண்டு போகும் டிரெய்லருக்கு உள்ளது, உன் வண்டிக்கு ஆகாது. 115/112 என்று எடைக் குறியீடு ஒன்று இருக்கும் பார். முன்னால் தனியாக ஓடும்போது ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும், பின்னால் ஜோடியாக ஓடும்போது 1,120 கிலோதான். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கினால் ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் ரெண்டு பேரும் ஒரே மாதிரி தூக்க மாட்டார்கள். இது கம்பெனி சொல்வது இல்லை, நான் அண்டா தூக்கிக் கற்றது.

உன் ஃபோர்டு ஈ-450 வண்டிக்கு மொத்தம் 14,500 பவுண்டு வரை அனுமதி. ஆறரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். அது பெரிதாகத் தெரியும். ஆனால் வீட்டின் எடையே பெரும்பகுதியைத் தின்றுவிடும். தண்ணீர்த் தொட்டி, டீசலோ பெட்ரோலோ, கேஸ், மருமகளின் பாத்திரம், உன் சைக்கிள் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு எடை மேடைக்குப் போ. உங்கள் ஊரில் லாரிகள் நிற்கும் பெரிய பங்க்குகளில் கேட் ஸ்கேல் என்று இருக்குமே, அது முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக எடை காட்டும். அந்தச் சீட்டு இல்லாமல் எவ்வளவு காற்று என்று முடிவு செய்வது குத்துமதிப்புதான்.

இப்போது காற்று. இதைச் சொல்லத்தான் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நீ சின்னப் பையனாக இருந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? 1996 மே மாசம். ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றி, கேரளாவுக்கு. அதற்கு ரெண்டு வாரம் முன்பு ஒரு வெளியூர்க் கடையில் டயருக்கு 600 ரூபாய் குறைவு என்று ரெண்டு வாங்கி வந்திருந்தார். கடை வாசலில் வெயிலில் எத்தனை மாசம் அடுக்கிக் கிடந்ததோ! நோட்டில் எழுதும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. 1,200 மிச்சம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். இன்றும் இருக்கிறது அந்தக் கேள்விக்குறி.

தர்மபுரி தாண்டினதும் பின்னால் இடப்பக்க உள் டயரில் வால்வு வழியாகக் காற்று மெதுவாக இறங்கியிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. வெளி டயர் நன்றாக நிற்கும்போது உள் டயர் செத்ததை வெளியில் இருந்து பார்க்க முடியாது. ரெண்டு பேர் சுமையை ஒருவனே தூக்கி, சூடேறி, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வெளி டயர் வெடித்தது. அப்பா பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தே மெல்ல வேகத்தை இறக்கி ஓரம் கட்டினார். அங்கே பிரேக் அடித்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். உள்ளேயும் போய்விட்டது, வெளியேயும் போய்விட்டது, கையில் ஒரு ஸ்டெப்னி. மறுநாள் மத்தியானம்தான் வண்டி கிளம்பியது. தார்ப்பாய் வழியாகத் தக்காளிச் சாறு ஒழுகியது. அதைக் கழுவும்போது நீ கூட நின்று தண்ணீர் ஊற்றினாய். மிச்சம் பிடித்தது 1,200, போனது 9,000.

மலிவு டயர் என்பதால் வெடித்தது என்று நான் சொல்ல மாட்டேன், அது நியாயம் இல்லை. காற்று பார்க்காததால் வெடித்தது. கிளீனர் பையன் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்து, சத்தம் சரியாக இருக்கிறது என்றான். கால்வாசிக் காற்று குறைந்தாலும் சத்தம் ஏமாற்றும், மீட்டர்தான் சொல்லும். ஆனால் வெயிலில் காய்ந்த கிழட்டு டயராக இல்லாவிட்டால் இன்னும் பத்து கிலோமீட்டர் தாங்கி, கணவாயைத் தாண்டிச் சேலம் பக்கம் போய்ப் படுத்திருக்கும். அந்தப் பத்து கிலோமீட்டருக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

உனக்கும் ஒரு தொப்பூர் இருக்கிறது. ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் போகிற மலை ரோடு. கீழே ஆயிரத்துச் சொச்சம் அடி, மேலே 7,000 அடி. கீழே கொதிக்கும், மேலே குளிரும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் உன் டயரில் ஒன்றரை பவுண்டு காற்றழுத்தம் குறையும். எனவே மேலே தங்கினால் காலையில், வண்டியை எடுக்கும் முன்பு, ஆறையும் மீட்டர் வைத்துப் பார். ஓடிச் சூடான டயரில் காற்று கூடிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கிவிடாதே. பின் உள் டயருக்கு ரப்பர் குழாய் நீட்டிப்பு இருந்தால் கழற்றி எறிந்துவிட்டு உலோகம் போடச் சொல். அன்று நம்மைக் கவிழ்த்ததும் வால்வுதான்.

ஆறையும் ஒன்றாகவே மாற்று. இப்போது நாலு, அடுத்த வருஷம் ரெண்டு என்று நீ எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஜோடியில் ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் உயரமாக இருப்பதுதான் சுமையைத் தூக்கும். ரீபட்டன் பற்றியும் கேட்டிருந்தாய். லாரிக்கு அது வரம், உனக்கு வேண்டாம். கிழவனுக்குப் புதுச் செருப்பு வாங்கிப் போட்டால் இளைஞன் ஆகிவிடுவானா?

பெயர் தெரியாத கம்பெனி எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நாம் நம்பி ஓட்டிய எம்.ஆர்.எஃப்.கூட 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் ஆரம்பித்தது. ஆனால் நீ ஊர் ஊராகப் போகிறவன். நடு விலைக்காரருக்கு வழியெல்லாம் கிளை உண்டு என்று எழுதியிருந்தாய். யாரும் இல்லாத ஊரில் ஒரு டயர் போனால் அதே அளவில், அதே மாதிரி ஒன்று கிடைக்க வேண்டும். அந்த ஒரு காரணத்துக்கே நான் அவரிடம் போவேன்.

வண்டி நிற்கும்போது டயருக்கு உறை போடு. நான் இங்கே நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கைப் போடுவேன், அப்பா திட்டுவார். அங்கே வெள்ளைத் துணியில் உறையே கிடைக்கிறதாம். பளபளப்பு எண்ணெய் எதுவும் தடவாதே. மாசத்துக்கு ஒரு தடவையாவது வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டு. டயர் நெளிந்தால்தான் ரப்பருக்குள் இருக்கும் மருந்து மேலே வந்து காக்கும். புது டயர் போட்டு ஐம்பது மைல் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல். ஸ்டெப்னி இருக்கிறதா என்று நீ எழுதவே இல்லை.

இந்த வருஷம் மாங்காய் சீக்கிரமே இறங்கிவிட்டது. மாங்கூழ் கம்பெனி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன, ராத்திரியில் தூக்கம் இல்லை. தோட்டத்து மரத்திலிருந்து ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

நோட்டில் கடைசியில் நாலு பக்கம் காலியாக இருந்தது. ஒரு பக்கத்தில் உன் வண்டி எண்ணை எழுதி, கீழே ஆறு கோடு போட்டு வைத்திருக்கிறேன். முன் வலது, முன் இடது, பின் வலது உள், பின் வலது வெளி, பின் இடது உள், பின் இடது வெளி. மாட்டினதும் ஒவ்வொன்றின் நாலு எண்ணையும் அனுப்பு, நிரப்பிக்கொள்கிறேன். எடைச் சீட்டையும் படம் எடுத்து அனுப்பு. அப்பா கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா