பேட்டரியைப் பார்த்துவிட்டு ஏறு

அன்பு மகளுக்கு,

இரட்டை எஞ்சின் விமானப் பயிற்சி தொடங்கியதிலிருந்து நீ தொலைபேசியில் சாப்பாட்டையும் வெயிலையும் தவிர வேறெதுவும் பேசுவதில்லை, நானும் கேட்கவில்லை. விமானப்படையில் மின்பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு பழைய விவகாரத்தை எழுதுகிறேன், படித்துக்கொள்.

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் மெக்டில் விமானத் தளத்தில் மார்ட்டின் பி-26 மரோடர் குண்டுவீச்சு விமானத்தில் பயிற்சி பெற்ற பையன்களில் சிலர், போர்முனையைப் பார்க்கும் முன்பே டாம்பா விரிகுடாவில் விழுந்து மாண்டார்கள். நாளுக்கு ஒன்று விழுகிறது என்று அங்கே பேசிக்கொண்டது மிகைதான். இறக்கை குட்டை, தரையிறங்கும் வேகம் அதிகம், ஓட்டியவர்களில் பலர் இரட்டை எஞ்சினுக்கே புதியவர்கள். எனக்கு உறுத்துவது பேட்டரி. அந்த விமானத்தில் புரொப்பல்லர் தகடுகளின் கோணத்தை மாற்றியது மின்சாரம். தரையில் ஜெனரேட்டரை இணைக்காமல் பேட்டரியிலேயே எல்லாவற்றையும் சோதித்து அதை வற்றவிட்டிருந்தால், ஓடுபாதையை விட்டு எழும் நேரத்தில் தகடுகள் தட்டையாகி, எஞ்சின் வெறிபிடித்தாற்போல் சுழன்றும் இழுவை கிடைக்காது. பழி என்னவோ ஓட்டியவன் தலையில்தான் விழுந்தது.

ஒற்றை எஞ்சினில் அது பறக்காது என்று நடுங்கியவர்களின் கண்முன்னே, 1942-இல் டோக்கியோவில் குண்டுவீசிய அமெரிக்க விமானி டூலிட்டில், எழும்பும்போதே ஓர் எஞ்சினை நிறுத்தி, நின்ற எஞ்சின் பக்கமே திருப்பி, ஒரு சுற்று வந்து இறக்கிக் காட்டினார். பிறகு இறக்கையையும் 65 அடியிலிருந்து 71 அடியாக நீட்டினார்கள். 1943-இல் கான்சஸின் டாட்ஜ் சிட்டியில் பெண்களும் இதே விமானத்தில் பயிற்சி பெற்றார்கள். இதை உன் பெரியப்பாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன், இன்னொரு முறையும் சொல்வேன்.

உன் விமானத்தில் தகடுகளைத் திருப்புவது எண்ணெய் அழுத்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஏறும் முன் வோல்ட் மீட்டரைப் பார். பராமரிப்புப் பதிவேட்டில் முந்தைய நாள் யார் என்ன எழுதியிருக்கிறார் என்று நீயே படி; பிறர் சொன்னதை நம்பிக் கையெழுத்திடாதே. வோல்ட் மீட்டரை மறக்காதே.

நடுவானில் எஞ்சின் நின்று, நீ பதறாமல் இறக்கினாய் என்பதை உன் தோழியின் அம்மா கடைவீதியில் சொல்லித்தான் நான் அறியவேண்டியிருந்தது. அவர் முன்னால் எனக்கு முன்பே தெரியும் என்று பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயே சொல். எந்தப் பக்கத்து எஞ்சின், எத்தனை அடி உயரத்தில் என்பதை மட்டுமாவது எனக்கு எழுது.

அப்பா