304 செயலி: ஆட்டத்திரையை மாற்ற வேண்டும்

நண்பர்களே, சீட்டுப் பிரியர்கள் நாமே செய்யும் 304 சீட்டாட்டச் செயலியை நேற்று ஏற்காடு பஸ்ஸில் ஆடிப் பார்த்தேன். கொண்டை ஊசி வளைவில் விரல் நழுவி, 30 புள்ளி ஜாக்கி இறங்கிவிட்டது. கூட்டாளி இன்னும் என்னோடு பேசவில்லை.

360 அலகு (dp) அகலத் திரையில் கையிலுள்ள எட்டுச் சீட்டையும் ஒரே வரிசையில் அடுக்கினால் ஒன்றுக்கு 45தான் கிடைக்கிறது. விரலால் தொடும் இடத்துக்கு ஆண்ட்ராய்டு பரிந்துரைப்பதோ குறைந்தது 48. எனவே நான்கு நான்காக இரண்டு வரிசை வைப்போம். முதல் தொடுதலில் சீட்டு எழும்பட்டும், இரண்டாவதில் இறங்கட்டும்.

இஸ்பேடும் கிளாவரும் ஒரே கறுப்பாக இருப்பதால் அப்பா குழம்புகிறார். கிளாவருக்குப் பச்சை பூசலாமா? கவிழ்த்த துருப்புச் சீட்டு ஓரத்தில் எப்போதும் தெரிய வேண்டும்.

ஞாயிறு மாலை 5 மணிக்கு அஸ்தம்பட்டியில், வழக்கமான டீக்கடை. பென்சிலில் வரைந்த மாதிரியாக இருந்தாலும் கொண்டு வாருங்கள்.