பென்டசீன் படிகம் பற்றி யாழினிக்கு

அன்புள்ள யாழினி,

கிளாஸ்கோ குளிருக்கு என்ன உடுத்த வேண்டும் என்று அம்மா தனியாக எழுதுவாள். நீ காந்தப்புலம் அளக்கப்போகும் பென்டசீன் படிகத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். லேசர் பட்டால் அது ஒளிரும், அந்த ஒளிர்வின் மாற்றத்தில்தான் புலத்தைப் படிக்கிறோம். சேர்ந்த சில மாதங்களிலேயே உணர்திறனுக்கு, அதாவது எவ்வளவு சிறிய புலத்தை அளக்க முடியும் என்பதற்கு, ஓர் எண்ணைக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலையில் எல்லோரையும் பிடிக்கும். நீ அதற்கு இடம் கொடுக்காதே. பென்டசீனில் அந்த எண், நீ எந்தக் காந்தப்புலத்தில் நின்று அளக்கிறாய் என்பதைப் பொறுத்தே பெரிதும் மாறும்.

வைரத்தின் என்.வி. மையத்தோடு (நைட்ரஜன் அணுவும் அதன் அருகே ஒரு காலியிடமும் சேர்ந்த இடம்) பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். லேசர் பட்டபின் பென்டசீன் போய்ச் சேரும் டிரிப்லெட் நிலையில், புலமே இல்லாதபோதும் மூன்று ஆற்றல் மட்டங்களும் தனித்தனியாக நிற்கும். இடைவெளிகள் சுமார் 1.45 கிகாஹெர்ட்ஸ், 1.34 கிகாஹெர்ட்ஸ், 107 மெகாஹெர்ட்ஸ். அதனால் சிறிய புலம் வந்தால் கோடு, அதாவது மட்டங்களுக்கு இடையே தாவவைக்கும் மைக்ரோவேவ் அதிர்வெண், ஏறத்தாழ அசையாது. சுற்றியுள்ள புரோட்டான்களின் இரைச்சல் ஸ்பினை (எலக்ட்ரானின் நுண்காந்தத்தை) அதிகம் தொடாததற்கு இதுதான் காரணம். நீ அளக்க வந்த புலமும் அதே காரணத்தால் தெரியாமல் போகும்.

கணக்குப் போட்டுப் பார். பூமியின் புலம், 0.05 மில்லிடெஸ்லா, மூலக்கூறின் தளத்துக்குச் செங்குத்தாக விழுந்தால் 1.45 கிகாஹெர்ட்ஸ் கோடு ஏறத்தாழ 18 கிலோஹெர்ட்ஸ்தான் நகரும். கோட்டின் அகலமோ மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இருக்கிறது. அதே அச்சில் 1 மில்லிடெஸ்லா நிலையான புலம் வைத்தால் கோடு 7 மெகாஹெர்ட்ஸ் நகரும். அங்கே நின்று அளந்தால் ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கு 13 கிலோஹெர்ட்ஸ் மாற்றம் கிடைக்கும். பதிலுக்கு எக்கோ, அதாவது மைக்ரோவேவ் துடிப்புகளுக்குப் பின் ஸ்பின்கள் மீண்டும் ஒன்றுசேர்ந்து தரும் சிக்னல், சீக்கிரம் தேயும். ஆகவே புலத்தைச் சிறு படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சரிவையும் (ஒரு மைக்ரோடெஸ்லாவுக்குக் கோடு நகரும் அளவு) எக்கோ தேயும் நேரத்தையும் சேர்த்தே அளந்துகொள். சரிவை எக்கோ நேரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் எங்கே உச்சம் வருகிறதோ, அங்கே நின்று வேலை செய்.

புலம் ஏற்றும்போது கோடு இரண்டாகப் பிரிந்தால் பதறாதே. பென்டசீனைத் தாங்கும் படிகமான பாரா-டெர்பினைலுக்குள் அது இரண்டு திசைகளில் அமர்கிறது. புலம் தரும் காயிலைச் சற்றுத் திருப்பு, பிரிவின் அளவு மாறினால் காரணம் திசைதான்.

படிகத்தை நீயே வளர்க்கக் கற்றுக்கொள். 10 கிராம் பாரா-டெர்பினைலுக்கு 12 மில்லிகிராம் பென்டசீன் போட்டால் மோல் கணக்கில் 0.1 சதவீதம். 0.01 சதவீதம் வேண்டுமென்றால் 1.2 மில்லிகிராமை நிறுத்துப் போடாதே, தராசின் பிழையே பெரிதாகிவிடும். 0.1 சதவீதக் கலவையைப் பத்து மடங்கு நீர்க்கச் செய். அதற்கு முன்பே பாரா-டெர்பினைலை மண்டலச் சுத்திகரிப்பு (பகுதி பகுதியாக உருக்கி மாசை ஒரு முனைக்குத் தள்ளுவது) செய்துவிடு, விலைக்கு வாங்கியதில் தானே ஒளிரும் மாசுகள் இருக்கும். குழாயை ஆர்கானில் மூடு. வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் பென்டசீன் கெட்டு நிறம் வெளிறும். பாரா-டெர்பினைலின் உருகுநிலை 213 டிகிரி செல்சியஸ். உலையிலிருந்து மணிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில்தான் குழாய் இறங்க வேண்டும். உறைந்த பிறகும் மெதுவாகவே ஆறவிடு. அவசரமாக ஆறினால் படிகம் கண்ணாடியை விட வேகமாகச் சுருங்கி விரிசல் விடும்.

அளவீட்டில் மைக்ரோவேவ் இருக்கும்போதும் இல்லாதபோதும் வரும் ஒளிர்வின் வேறுபாடு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள். 10,000 ஃபோட்டான்களின் எண்ணிக்கை இரைச்சல் 100, அதாவது அதே ஒரு சதவீதம். சிக்னல் இரைச்சலைப் போல் பத்து மடங்கு தெரிய 10 லட்சம் ஃபோட்டான்கள் வேண்டும். அவற்றைச் சேர்ப்பதற்குள் லேசரின் சக்தி நகர்ந்துவிடும். எனவே மைக்ரோவேவ் உள்ள சுற்றையும் இல்லாத சுற்றையும் மாற்றி மாற்றி எடுத்துக் கழி. எக்கோவில் கடைசி மைக்ரோவேவ் துடிப்பின் கட்டத்தை (phase) 180 டிகிரி திருப்பிக் கழிப்பது அதைவிட நல்லது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே டிரிப்லெட் முழுதும் வடியும் வரை காத்திரு. இல்லாவிட்டால் முந்தைய சுற்றின் மிச்சம் அடுத்ததில் கலந்துவிடும்.

நான் மிகவும் அஞ்சுவது போலி சிக்னலைத்தான். மைக்ரோவேவ் நேராக டிடெக்டர் கம்பியில் ஏறி அழகான ஆட்டமாகத் தெரியும். லேசரை அட்டையால் மறைத்து ஒருமுறை, அதிர்வெண்ணை 50 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒருமுறை எடுத்துப் பார். இரண்டிலும் எதுவும் தெரியக்கூடாது. பிறகு லேசர் சக்தியைப் பாதியாக்கு. கோடு இடம் மாறினால் படிகம் சூடேறுகிறது என்று பொருள்.

5 கெல்வின் அருகே வேலை செய்யும் குரோமியம் மூலக்கூறுகள் பற்றி 2020இல் சயின்ஸ் இதழில் வந்ததைக் கேட்டிருந்தாய். வேதியியல் வழியாக ஸ்பினை வடிவமைக்கும் முயற்சியில் அது எனக்கு மிகப் பிடித்த ஒன்று. ஆனால் கிரையோஸ்டாட்டோடு (கடுங்குளிரில் வைக்கும் கலன்) மல்லுக்கட்டுவதற்கு முன் அறை வெப்பநிலையில் கை பழகட்டும்மா.

புலம் இல்லாமல் ஒன்றும் 1 மில்லிடெஸ்லாவில் ஒன்றுமாக இரண்டு கோடுகளை எடுத்து, கழிக்காத மூலத் தரவாகவே அனுப்பு. லேசர் சக்தியையும் படிகத்தின் தடிமனையும் கூடவே எழுது.

அன்புடன்,
அப்பா