கண் சோதிக்கும் இடத்தில் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்பதுதான். சர்க்கரை, பிரஷர் என்றால் சத்தமாகவே சொல்வார்கள். எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிற சிலர் "ஒண்ணும் இல்லங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே டாக்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் பையிலிருந்து டப்பாவை எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதுகுக்குப் பின்னால் வரிசை நிற்கும்போது யார்தான் வாயைத் திறப்பார்கள்?

ஒருவர் கண் மஞ்சளாக வந்தார். காமாலை என்றே வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். டப்பாவைப் பார்த்ததும் காரணம் பிடிபட்டது: அட்டாசனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து. பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை வெளியேற்ற உதவும் கல்லீரல் நொதியை அது தடுப்பதால் வெள்ளைவிழி மஞ்சளாகும். ரத்தப் பரிசோதனையில் மற்றதெல்லாம் சரியாக இருந்தால் பயமில்லை. ஆனால் எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளாது. அப்படிச் சங்கடப்படுகிறவர்கள் மாற்று மருந்து கேட்கலாம்.

எல்லாம் இப்படி லேசாகப் போய்விடாது. காசநோயும் சேர்ந்துகொண்டால் கொடுக்கப்படும் எத்தாம்புட்டால் பார்வை நரம்பைத் தாக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சிவப்பும் பச்சையும் முதலில் குழம்பும். நிறப்புள்ளி அட்டையில் இருக்கும் எண்ணைப் படிக்கத் திணறுவார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பார்வை தேறும், தாமதமானால் திரும்பாமலே போகலாம். இன்னொரு காசநோய் மருந்தான ரிஃபாபுடின், கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்கலாம். ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தோடு சேரும்போது ரத்தத்தில் ரிஃபாபுடின் அளவு எகிறிவிடும் என்பதால் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

எங்கள் கண் வைத்தியத்தால் வரும் ஆபத்தும் உண்டு. ரிட்டோனாவிரோ, அதைப் போலவே எச்.ஐ.வி. மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்படும் கோபிசிஸ்டாட்டோ சாப்பிடுகிறவர் என்று தெரியாமல் அவருக்கு ட்ரையாம்சினோலோன் ஸ்டீராய்டு ஊசி போட்டால், அது உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறாது. முகம் ஊதும், சர்க்கரை ஏறும், அட்ரினல் சுரப்பி படுத்துவிடும். கண்ணுக்குச் செய்த வைத்தியம் உடம்புக்கு வினையாக முடியும்.

அப்புறம், மங்கலுக்கு எப்போதும் மாத்திரைதான் காரணம் என்றில்லை. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை 50-க்குக் கீழே போனவர்களுக்கு சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையை அரிக்கலாம். வலியே இருக்காது, பூச்சி பறப்பதுபோல் புள்ளிகள் மட்டும் தெரியும். அந்தப் பாதிப்பு உள்ளவர்களுக்கு, சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி திரும்பும்போதும் கண்ணில் அழற்சி வரலாம். "மாத்திரைதான் கண்ணைக் கெடுத்தது" என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

என் துறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரை பற்றிய கேள்வியை உள்ளே, தனியாகக் கேளுங்கள். சொல்லத் தயங்குகிறவரிடம் ஒரு தாளை நீட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் 'எச்.ஐ.வி.' என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். உள்தாளில் மருந்துப் பட்டியல் இருந்தாலே டாக்டருக்குப் போதும்.

இப்படிக்கு,
ஒரு கண் பரிசோதகர்